இரவல் கொடுக்க மனமில்லாதபோது

திருக்குர்ஆனின் 107 ஆவது அத்தியாயம் ஸூரத்துல் மாஊன். ஏழே ஆயத்துகள் கொண்ட சிறிய ஸூரா. மக்தபில் ஓதும் பிள்ளைகள்கூட இதை மனனம் செய்து தொழுகையில் ஓதுகின்றனர். அநாதையை விரட்டுகிறவனைப் பற்றித் தொடங்கி, தொழுகையில் பொடுபோக்காக இருப்பவர்களைக் கண்டித்து, அற்பமான பொருளைக்கூடப் பிறருக்குக் கொடாமல் தடுத்துக்கொள்பவர்களைச் சொல்லி அந்த ஸூரா முடிவடைகிறது. 'மாஊன்' என்பதற்கு ஜகாத் என்று பொருள் கூறிய விரிவுரையாளர்களும் உண்டு. எனினும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சமையல் பாத்திரத்தையும் இரவல் கொடுப்பதையே தாங்கள் மாஊன் என்று எண்ணி வந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

ஆக, பக்கத்து வீட்டுக்கு ஒரு பாத்திரம் இரவல் கொடுப்பது சாதாரண விஷயமன்று. தொழுகையோடு சேர்த்துப் பேசப்பட்ட விஷயம். நம் வீடுகளில் தேக்சாவும் ஜமுக்காளமும் நகையும் இரவல் போகின்றன. வருகின்றன. சில நேரங்களில் வராமலும் போகின்றன. கேட்டவருக்குக் கொடுக்க மனம் வராத நேரங்களும் உண்டு. அப்படி மனம் வராத ஒரு நேரத்தில் நாம் என்ன பதில் சொன்னோம், அந்தப் பதிலுக்கு யாருடைய பெயரைப் பயன்படுத்தினோம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. இதில் நம்முடைய தவறும் ஒன்று இருப்பதால், அதை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வந்த கேள்வி

அம்பத்தூரில் நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் மின்சார மெக்கானிக். சென்னை தீவுத்திடலில் நடக்கும் பொருட்காட்சியில் கடை போட்டிருந்த ஒருவரிடமிருந்து, ஓடாமல் கிடந்த ஒரு பின்பால் இயந்திரத்தைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்து, பல மாதங்கள் உழைத்து ஓடவைத்தவர்.

பின்பால் இயந்திரத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். நான்கு கால்களில் நிற்கும் சாய்வான மேஜை அது. மேலே கண்ணாடி மூடியிருக்கும். வலப்பக்கத்தில் ஸ்பிரிங் பொருத்திய ஒரு கைப்பிடி. அதை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே ஓடிப்போய், உருண்டு கீழே இறங்கும். இறங்கும் வழியில் அங்குமிங்கும் மோதும்போது மணி அடிக்கும், விளக்கு எரியும், எண்ணிக்கை ஏறும். கீழ்ப்பக்கத்தில் இரண்டு சிறிய துடுப்புகள் உண்டு. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அவை அசைந்து குண்டைத் திரும்ப மேலே தள்ளும். ஆணி அடித்த பலகையில் கோலிக்குண்டு விட்டு நம் பிள்ளைகள் விளையாடுகிறார்களே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தகப்பனார் இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றே ஒரு காரியம் செய்தாராம். காசு போடும் துளையைத் தகரம் வைத்து அடைத்து, உட்புறமாகத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். இனி இதில் ஒரு பைசாவும் விழக்கூடாது என்பது அவர் எண்ணம். பெருநாள் தினங்களில் தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று விளையாடுவார்கள். பாங்கு சத்தம் கேட்டதும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார். அவர் மறைந்த பிறகும் மகன் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பாதுகாத்து வந்தார்.

இந்தப் பெரியவரிடம் ஆவடியிலிருந்து ஒரு வாலிபன் வந்தான். பெரியவர் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான, கடற்கரையூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஆர்ட் டைரக்டருக்கு உதவியாளனாக வேலை பார்க்கிறான். பூந்தமல்லியைச் சுற்றியுள்ள பகுதி இப்போது படப்பிடிப்புக்குப் பெயர் பெற்றதாகிவிட்டது. முன்பு பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த ஈ.வி.பி. வளாகம் இன்று படப்பிடிப்புத் தளம். பூந்தமல்லி அருகே நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசும் 2024 இல் அறிவித்தது. இந்த வேலைகளில் நம் பிள்ளைகளும் தச்சர்களாக, மின்பணியாளர்களாக, வண்டி ஓட்டுநர்களாக இருக்கிறார்கள். செட்டில் வைக்கத் தேவைப்படும் பழைய ரேடியோ, கடிகாரம், கட்டில் போன்றவற்றை வாடகைக்குக் கொடுக்கவென்றே சென்னையில் ஆட்கள் உண்டு. ஆனால் பின்பால் இயந்திரம் எளிதில் கிடைக்கிற பொருளா? சிறு வயதில் இந்த வீட்டில் விளையாடிய ஞாபகத்தில், "எனக்குத் தெரிஞ்ச மாமா வீட்டுல இருக்கு, நான் வாங்கித் தர்றேன்" என்று அந்தப் பையன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

பெரியவர், "ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நம்மிடம் வந்தார்.

நாம் சொன்ன பதில்

சீரியலுக்குச் சூதாட்ட இயந்திரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று அவர் கேட்டார். நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சூதாட்டம் ஷைத்தானின் செயல்களில் ஒன்று என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 90 ஆவது ஆயத்து எச்சரிப்பதையும், பாவத்துக்கு ஒருவருக்கொருவர் துணைபோகக் கூடாது என்று அதே அத்தியாயத்தின் 2 ஆவது ஆயத்து கட்டளையிடுவதையும் சொல்லி, கொடுக்கவேண்டாம் என்றோம். இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது.

பையனுக்கு அந்தப் பதில் போய்ச் சேர்ந்தது. மார்க்கத்தில் தடை என்று ஆலிம் சொல்லிவிட்ட பிறகு அவன் என்ன பேச முடியும்? பேசாமல் போய்விட்டான். செட்டில் பிளைவுட்டால் ஒரு பொம்மை இயந்திரத்தைச் செய்து, தூரத்தில் நிறுத்திச் சமாளித்தார்களாம். வாக்குக் கொடுத்து நிறைவேற்றாதவன் என்ற சொல் அவன்மேல் விழுந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பெரியவர் நம்மைத் தனியாக அழைத்தார். அவர் சொன்னதை ஏறக்குறைய அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறோம்.

"ஹஜ்ரத், நீங்க கூடாதுன்னு சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசாயிடுச்சு. பாவத்துலேர்ந்து தப்பிச்சோம்னு லேசாகலை. கண்ணாடி உடையுமோ, காயில் கருகுமோன்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன். அத்தா கை பட்ட பொருள். கொடுக்க மனசில்லை. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் சூதாட்ட மெஷின்னு சொல்லி உங்ககிட்ட கேட்டேன். காசு ஓட்டையை அத்தா அடைச்சதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

இதைக் கேட்டு நாம் வெட்கினோம். அவர் சொல்லாமல் விட்டது உண்மை. ஆனால் நாம் கேட்காமல் விட்டதும் உண்மைதானே? கருமித்தனத்துக்கு மார்க்கத்தின் சட்டை போட்டது அவர் என்றால், அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தவர் நாம்.

கேட்டிருக்கவேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி: இந்தப் பொருள் என்ன?

பின்பால் இயந்திரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது பரவியபோது துடுப்புகள் கிடையா. குண்டை ஏவிவிட்டால் பிறகு அதிர்ஷ்டம்தான். சில இயந்திரங்கள் வென்றவருக்குக் காசும் கொட்டின. ஆகவே 1942 இல் நியூயார்க் மாநகர மேயர் லா கார்டியா அதைச் சூதாட்டம் என்று தடை செய்து, பறிமுதல் செய்த இயந்திரங்களைத் தாமே சம்மட்டியால் உடைத்துக் காட்டினார். 1947 இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் துடுப்புகள் வைத்த இயந்திரத்தை வெளியிட்டது. ஆடுபவரின் கைத்திறனுக்கு அதில் இடம் வந்தது. பொருள் மாறிய பிறகும் நியூயார்க்கின் தடை மாறவில்லை. 1976 இல்தான் மாநகர மன்றத்தினர் முன்னிலையில் ராஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் இயந்திரத்தை இயக்கி, குண்டு எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடியே இறக்கிக் காட்டினார். அதன் பிறகு தடை நீங்கியது. இடையில் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன. நியூயார்க் செய்த அதே காரியத்தை நாம் இரண்டு நிமிடத்தில் செய்து முடித்தோம்.

திறமையா அதிர்ஷ்டமா என்பது நாட்டுச் சட்டத்தின் அளவுகோல். சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996 இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. மார்க்கத்தின் முதல் கேள்வி அதுவன்று. பணயம் உண்டா, ஒருவன் தோற்றால்தான் மற்றவன் பெறுவானா என்பதையே அது முதலில் பார்க்கிறது. திறமை மிகுந்த ஆட்டமாயினும், வேடிக்கை பார்ப்பவர்கள் அதன்மேல் பணம் கட்டினால் அது சூதுதான். பணயமில்லாத விளையாட்டிலும் நம் இமாம்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. பகடையை ஹதீஸின் அடிப்படையில் தடுத்தார்கள். சதுரங்கத்தை, பணயமில்லாமலும் தொழுகை பாழாகாமலும் ஆடினால் மக்ரூஹ் என்றளவில் ஷாஃபிஈ மத்ஹபில் நிறுத்தினார்கள். ஹனஃபி மத்ஹபில் அதைவிடக் கடுமை காட்டினார்கள். காசுத் துளை அடைக்கப்பட்டு, பாங்கு சொன்னால் நிறுத்தப்பட்டு, பெருநாளில் பிள்ளைகள் விளையாடிய ஒரு சாமானுக்குச் 'சூதாட்ட இயந்திரம்' என்ற பெயர் பொருந்துமா என்றாவது நாம் யோசித்திருக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி: எதற்காகக் கேட்கிறார்கள்?

திராட்சை ரசத்தை மது காய்ச்சுபவனுக்கு விற்கலாமா என்பது ஃபிக்ஹு நூல்களில் புகழ்பெற்ற மஸ்அலா. விற்கும்போது அது வெறும் ரசம்தான், பாவம் வாங்கியவனுடைய செயலில் இருக்கிறது என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அவர்களுடைய மாணவர்கள் அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) இருவரும் அதை வெறுத்தார்கள். நிச்சயமாகத் தெரிந்தால் கூடாது, சந்தேகம் மட்டும் என்றால் வெறுக்கத்தக்கது என்பது ஷாஃபிஈ மத்ஹப். இவர்களுடைய முடிவுகள் வேறுபட்டாலும், வாங்குபவன் என்ன செய்யப்போகிறான், விற்பவனுக்கு அது எவ்வளவு தெரியும் என்ற விசாரணையிலிருந்தே எல்லோரும் தொடங்குகிறார்கள். நாம் அந்த விசாரணையைச் செய்யவே இல்லை.

தொலைக்காட்சியே கூடாது என்று வீட்டில் வைக்காத வாசகர்கள் இருக்கிறார்கள். 1975 ஆகஸ்ட் 15 இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய நாளிலிருந்து தொலைக்காட்சியைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சை இங்கே தீர்த்துவிட நாம் முயலவில்லை. அவர்கள் தங்கள் நிலையில் நின்று இயந்திரத்தைக் கொடுக்க மறுத்தால், அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் நம் பெரியவர் வீட்டில் தினமும் சீரியல் ஓடுகிறது! மற்ற நாளெல்லாம் ஞாபகத்துக்கு வராத பேணுதல், இரவல் கேட்ட நாளில் மட்டும் வந்து நின்றால், அதைப் பேணுதல் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது கேள்வியை நாம் நம்மிடமே கேட்டிருக்கவேண்டும். கேள்வி கேட்டு வருபவர் எந்தப் பதிலை நம் வாயிலிருந்து வரவழைக்க விரும்புகிறார்? அந்தப் பதிலைக் கொடுப்பது நமக்கும் சுலபமாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், ஆலிம் சற்று நிதானிக்கவேண்டிய இடம் அது.

மறுக்க உரிமை இல்லையா?

உண்டு. இதை அழுத்திச் சொல்லியாகவேண்டும். ஒருவருடைய பொருள் அவருடையது. தகப்பனாரின் நினைவாக வைத்திருக்கும் சாமானை வெளியே அனுப்ப மனம் வராதது மனித இயல்பு. "தம்பி, அத்தாவோட ஞாபகமா வச்சிருக்கேன், உடைஞ்சா தாங்கமாட்டேன், மன்னிச்சுக்க" என்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் மனம் வருந்தியிருப்பான், ஆனால் புரிந்துகொண்டிருப்பான். அப்படி மறுப்பதால் கிடைக்கவிருந்த நன்மை தவறிப்போகலாம். பொய் சேராது.

மனத்தின் சுருக்கத்தை அல்லாஹ்வின் கட்டளையாக மாற்றிச் சொன்னபோதுதான் காரியம் கெட்டது. இதில் மூன்று பேருக்கு நஷ்டம். கேட்டவனுக்கு, தான் மார்க்கத்துக்கு விரோதமான தொழிலில் இருக்கிறோமோ என்ற வீண் கலக்கம். மறுத்தவருக்கு, தம் உள்ளத்திலிருக்கும் நோயைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போயிற்று. கருமித்தனம் தக்வாவின் உருவத்தில் வந்தால் யார் அதற்கு மருந்து தேடுவார்? மார்க்கத்துக்கும் நஷ்டம்தான். நமக்கு வேண்டாததையெல்லாம் தடுக்கவே மார்க்கம் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்க விரும்பியவர்கள் அதை இரவல் வாங்காமல் இருந்ததில்லை என்று அன்னையவர்களே பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி புகாரியில் இருக்கிறது. அழகுக்காக, பார்வைக்காக, ஒரு நாள் தேவைக்காக இரவல் கொடுத்த ஆடை அது. அதே அன்னையவர்கள் தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கிய கழுத்து மாலை ஒரு பயணத்தில் தொலைந்துபோனது. அதைத் தேடப் படை தங்கிய இடத்தில் தண்ணீர் இல்லாமல் போகவே, தயம்மும் பற்றிய ஆயத்து இறங்கியது. இன்று உலகமெங்கும் தண்ணீர் இல்லாதவனும் நோயாளியும் தயம்மும் செய்து தொழுகிறார்களே, அந்தச் சலுகை வந்த சந்தர்ப்பத்தில் ஓர் இரவல் நகை இருக்கிறது. இரவல் கொடுக்கும் பொருள் தொலையலாம், உடையலாம். அது தெரிந்துதான் அந்தப் பரிசுத்த வீடுகளில் கொடுத்தார்கள், வாங்கினார்கள்.

பெரியவர் செய்த காரியம்

நாமும் பெரியவரும் ஆவடிக்குப் போய் அந்தப் பையனைச் சந்தித்தோம். விசாரிக்காமல் சொல்லிவிட்டோம் என்று நாம் சொன்னோம். மனசில்லாமல் மறைத்துவிட்டேன் என்று அவர் சொன்னார். பிறகு, முதல் நாளே கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டோம்: என்ன காட்சி?

கதை 1980களில் நடப்பது. வேலைக்காகச் சவூதிக்குப் புறப்படும் தகப்பன், முந்தைய நாள் மகனைப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஒரு கடையில் இருவரும் பின்பால் விளையாடுகிறார்கள். குண்டு கீழே விழாமல் இருக்கும்வரை வீட்டுக்குப் போகவேண்டியதில்லை என்று மகன் எண்ணிக்கொள்கிறான். அவ்வளவுதான். பணயமும் இல்லை, பந்தயமும் இல்லை. பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நெருங்கி எடுக்கிற ஷாட் இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

இம்முறை பேச்சு முறையாக நடந்தது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிற மார்க்கத்தவர் நாம். இரவலையும் ஒரு காகிதத்தில் எழுதினார்கள். இரண்டு நாள் தவணை. காசுத் துளையின் தகரத்தைப் பிரிக்கக் கூடாது. காசு போடுவதாகவோ பணம் கட்டுவதாகவோ காட்சி எடுக்கக் கூடாது. அமெரிக்க இயந்திரம் 115 வோல்ட்டில் ஓடுவது. கூட அனுப்பும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது. வேறு செட்டுக்குக் கைமாற்றக் கூடாது.

வாடகை தருவதாகவும் பையன் சொன்னான். வாங்குவது தவறில்லை, அது நேரான வருமானம்தான். ஆனால் வாடகைக்கும் இரவலுக்கும் ஃபிக்ஹில் சட்டம் வேறு என்பதைப் பலர் அறிவதில்லை. வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவரின் கையில் அமானிதம்; அவருடைய கவனக்குறைவோ வரம்புமீறலோ இல்லாமல் சேதமானால் அவர் ஈடு கட்டவேண்டியதில்லை. இலவசமாக வாங்கிய இரவலில் மத்ஹபுகள் பிரிகின்றன. ஹனஃபி மத்ஹபில் இரவலும் அமானிதமே. வரம்பு மீறாதவரை ஈடு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் வாங்கியவரே ஜவாப்தாரி; அனுமதித்த உபயோகத்தால் தேய்ந்தது நீங்கலாக, சேதமான நாளின் மதிப்பை அவர் கொடுக்கவேண்டும். இரவல் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் வாங்கியவரைச் சேர்ந்தது. இத்தனையும் கேட்ட பிறகு பெரியவர், "வாடகை வேணாம். உன் பேர்ல இரவலாக் கொண்டு போ" என்றார்.

இரண்டு மத்ஹபுகள், ஒரு கண்ணாடி

படப்பிடிப்பு நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும்போது, ஆவடி - பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டைத் தாண்டி, குட்டி யானை வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் மேல் கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் விட்டுவிட்டது. பின்பக்கத்து ஓவியக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்து லில்லாஹ்.

மஃரிபுக்குப் பிறகு நம்மை அழைத்தார்கள். வழக்குத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போனோம். பெரியவர் குடும்பம் ஹனஃபி. பையன் குடும்பம் ஷாஃபிஈ. பையன் ஓர் உறையில் பணத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, எங்க மத்ஹபுல இரவல் வாங்கினவன்தான் பொறுப்பு. நீங்க இதை வாங்கிக்கணும்" என்கிறான் அவன்.

"எங்க மத்ஹபுல அது அமானிதம். கயிறு ஒழுங்காத்தான் கட்டியிருக்கே, மெதுவாத்தான் ஓட்டியிருக்காங்க. உன் மேல ஒண்ணும் இல்லை. நான் எப்படி வாங்குவேன்?" என்கிறார் இவர்.

வாசகர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். வண்டியில் ஏற்றிச் செல்வதும் நீங்கள் அனுமதித்ததுதானே, அந்த உபயோகத்தில் நேர்ந்த சேதத்துக்கு எங்கள் மத்ஹபிலும் ஈடு இல்லை என்று பையன் வாதாடியிருக்கலாம். அல்லது பெரியவருடைய ஹனஃபி சட்டத்தை எடுத்து அவர் மேலேயே நீட்டியிருக்கலாம். பெரியவரும், கண்ணாடிக்கு மேல் மெத்தை போடாதது கவனக்குறைவு என்று சொல்லி, தம் மத்ஹபின்படியே ஈடு கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் வழி இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தம் கையிலிருந்த சட்டத்தைத் தமக்கு எதிராகவே படித்தார்கள்.

ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றிக்குப் பின், ஹுனைன் போருக்குப் புறப்படுமுன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் போர்க்கவசங்களைக் கேட்டார்கள். ஸஃப்வான் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. இது பலவந்தமாகப் பறிப்பதா என்று அவர் கேட்டார். இல்லை, திருப்பித் தரும் பொறுப்போடு கூடிய இரவல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். வெற்றி பெற்ற தலைவர் தோற்ற ஊரின் பிரமுகரிடம் பேசிய பேச்சு இது! போருக்குப் பின் சில கவசங்கள் காணாமற்போனபோது, அவற்றுக்கு ஈடு தரட்டுமா என்று நாயகம் (ஸல்) அவர்களே முன்வந்து கேட்டார்கள். வேண்டாம், அன்று என் உள்ளத்தில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது என்ற கருத்தில் ஸஃப்வான் மறுத்துவிட்டார். ஷாஃபிஈ அறிஞர்கள் இரவலில் பொறுப்பு உண்டு என்பதற்கு இந்த ஹதீஸையே ஆதாரமாகக் காட்டுவார்கள். அது அந்த இரவலில் தாமாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்று ஹனஃபி அறிஞர்கள் விளக்குவார்கள். சட்டத்தில் அவர்கள் வேறுபடட்டும். வாங்கியவர் ஈடு தர முன்வந்தார், கொடுத்தவர் விட்டுக்கொடுத்தார் என்ற நடப்பில் கருத்து வேறுபாடே இல்லை.

அன்றிரவு இந்தச் செய்தியை மட்டும் நாம் இருவருக்கும் நினைவுபடுத்தினோம். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. அந்த வாரமே பையன் அம்பத்தூரில் அளவு கொடுத்துக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தான். பெரியவர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தகப்பனார் திருகாணி முடுக்கிய விதத்தைக் காட்டிக்கொடுத்தபடி தம் கையாலேயே அதைப் பொருத்தினார்.

நாம் கற்றது

அதே பெரியவர், அதே பையன், அதே இயந்திரம். நாமும் அதே ஆள்தான். முதல் தடவை குர்ஆன் ஆயத்தைச் சொல்லியும் காரியம் கசந்தது. இரண்டாம் தடவை பொருள் சேதமாகியும் காரியம் இனித்தது. முதலில் மார்க்கத்தை எடுத்துப் பிறருக்கு முன்னால் வேலியாக நட்டோம். பிறகு அதை எடுத்து நம்மை அளந்துகொண்டோம்.

ஆகவே நாளை உங்கள் வாசலில் யாராவது தேக்சாவோ வண்டியோ நகையோ கேட்டு நிற்கும்போது, கொடுக்கமுடியுமானால் தவணையையும் உபயோகத்தையும் தெளிவாகப் பேசிக் கொடுங்கள். பாவமான காரியத்துக்கு என்று விசாரித்துத் தெரிந்தால், பாவம் என்றே சொல்லி மறுத்துவிடுங்கள். மனம் வரவில்லையென்றால், மனம் வரவில்லை என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். அதில் வெட்கம் உண்டாகும். அந்த வெட்கம் நல்லது. என்றாவது ஒரு நாள் அது கையைத் திறக்கவைக்கும். அம்பத்தூர்ப் பெரியவரின் கையைத் திறந்தது அந்த வெட்கம்தான்.

நம்மிடமிருக்கும் உடலும் பொருளும் ஆயுளும் ரப்புல் ஆலமீன் நமக்குத் தவணை குறித்துக் கொடுத்த இரவல்கள். அவற்றைச் சேதமின்றித் திருப்பி ஒப்படைக்கவும், மார்க்கத்தைப் பிறர்மேல் சாட்டாமல் நம்மேல் சாட்டிக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.